முதல் வாரம் 1.9 கிலோ இறங்கியது, அப்புறம் இரண்டே நாளில் 900 கிராம் ஏறியது: கலோரி கணக்கு பொய்யா?

ஜூன் 9, காலை 7:20 (வாசகி ஒருவரின் கேள்வி)

மே 31ல் இருந்து ஒரு நாளைக்கு 1400 கலோரி என்று எழுதி எழுதிச் சாப்பிடுகிறேன். ஆரம்பிக்கும்போது 74.6. எட்டாம் நாள் காலை 72.7. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இன்றைக்கு பத்தாம் நாள், 73.6! இந்த இரண்டு நாளும் ஒரு வடைகூடத் தொடவில்லை. இந்தக் கலோரி கணக்கு என்பதே ஏமாற்று வேலை என்று என் மாமியார் சொல்வது சரிதான் போலிருக்கிறது. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் அண்ணா, அக்கா.

ஜூன் 9, இரவு 9:15

அம்மணி, மாமியாரிடம் இன்னும் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர ஏறக்குறைய 7700 கலோரி மிச்சமாக வேண்டும். 900 கிராமுக்கு 6900. உங்கள் உடம்பு அன்றாடம் செலவழித்தது போக, அதற்கு மேல் 6900. ஒரு தோசைக்கு 130 என்று வையுங்கள், ஐம்பது தோசைக்கு மேல் வருகிறது. இரண்டு நாளில் வழக்கமான சாப்பாட்டோடு ஐம்பது தோசையும் சாப்பிட்டிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆக ஏறியது கொழுப்பாக இருக்க வழியில்லை. தண்ணீர், குடலில் இருக்கும் சாப்பாடு, இரண்டும்தான்.

நான் நாமக்கல்லில் எடை மேடையில் உட்கார்ந்திருப்பவன். கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரும். 18 சதவீதம் ஈரத்தோடு வந்த 10 டன் சோளத்தைக் களத்தில் காயவைத்து 14க்குக் கொண்டுவந்தால் 465 கிலோ குறையும். ஒரு மணி சோளம்கூடக் காணாமல் போயிருக்காது. தீவன மில்காரர்கள் எடைச் சீட்டோடு ஈரப்பதமும் கேட்பதற்குக் காரணம் அதுதான். நம் வீட்டுத் தராசு எடையைச் சொல்கிறது, ஈரத்தைச் சொல்வதில்லை.

ஜூன் 10, காலை 5:50

ராத்திரி படுத்த பிறகு தோன்றியது. ஏறிய 900 கிராமைப் பற்றி மட்டும் பேசிவிட்டேன். இறங்கிய 1.9 கிலோவைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யாரும் கேட்பதில்லை. ஏறினால் தராசு சரியில்லை, இறங்கினால் நாம் சாதித்துவிட்டோம்.

என் நோட்டில் இருந்து: பிப்ரவரி 5ல் 91.4, பிப்ரவரி 12ல் 89.2. ஏழு நாளில் 2.2 கிலோ. அந்த வாரம் நான் குறைத்துச் சாப்பிட்டது நாளைக்கு 550 கலோரி. ஏழு நாளைக்கு 3850, அதாவது அரைக் கிலோ கொழுப்பு. மீதி 1.7 கிலோ எங்கிருந்து போனது?

உடம்பு மாவுச்சத்தைச் சர்க்கரைச் சங்கிலியாகக் கட்டி ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கிறது. கிளைக்கோஜன் என்பார்கள். பெரியவர்களுக்கு மொத்தம் 500 கிராம் பக்கம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் போலத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டவன் ஒரு தட்டுக்கு இறங்கினால் முதலில் காலியாவது இந்தக் கிட்டங்கிதான். பாதி காலியானால் 250 கிராம் சரக்கு, 750 கிராம் தண்ணீர், ஆக ஒரு கிலோ. சாப்பாடு குறைந்ததால் குடலில் கிடப்பதும் குறைந்தது, ஊறுகாய் அப்பளம் குறைந்ததால் உப்பும் குறைந்தது. அவ்வளவுதான் அந்த 1.7.

ரெண்டாவது வாரக் கடைசியில் எனக்கு 89.9. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு. அன்றைக்கே விட்டுவிடத் தோன்றியது. 2019ல் அப்படித்தான் விட்டேன், 2021லும் அப்படித்தான் விட்டேன். இரண்டு தடவையும் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. முதல் வாரத்தில் 2 கிலோ இறங்காமல் அரைக் கிலோ மட்டும் இறங்கியிருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். வாரத்துக்கு 2 கிலோ என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது, தீபாவளிக்கு 60 கிலோ என்று.

ஜூன் 10, மாலை 6:30

நம்பாதவர்களுக்கு: தராசில் ஏறுங்கள். இறங்கி ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள். மறுபடி ஏறுங்கள். என் பையன் இதைப் பார்த்துவிட்டு, "அப்பா ஒரு நிமிஷத்தில் ஒரு கிலோ குண்டாகிவிட்டார்" என்று அவன் அம்மாவிடம் ஓடிச் சொன்னான்.

ஜூன் 12, இரவு 10:05

"உப்புக்கும் எடைக்கும் என்ன, உப்பில் கலோரி ஏது" என்று கேட்டிருக்கிறீர்கள். கலோரி இல்லைதான்.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ரத்தத்தின் உப்புக்கு ஒத்துப்போகும் அளவு அது. கூடுதலாக 9 கிராம் உப்பு உள்ளே போய் உடனே வெளியேறாமல் நின்றால், அதே பதம் வருவதற்கு உடம்பு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. கருவாட்டுக் குழம்பு, மாங்காய் ஊறுகாய், ராத்திரி கடை பரோட்டா சால்னா, இந்த மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அந்த 5 எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு. கலோரி 1750தான், அளந்து சாப்பிட்டேன். வியாழக்கிழமை காலை 1.1 கிலோ ஏற்றம். மோதிரம் விரலைவிட்டு வரவில்லை. சனிக்கிழமை தானாக இறங்கிவிட்டது. சிறுநீரகத்துக்கு ரெண்டு மூணு நாள் அவகாசம் கொடுத்தால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஜூன் 13, காலை 6:10

திருத்தம். வெட்கமாகவும் இருக்கிறது.

நேற்று எழுதியதை வீட்டம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "ஒரு பொம்பளப் புள்ளை எடை ஏறுதுன்னு கேட்கிறாள், நீங்க சோளம், கருவாடுன்னு எழுதிக்கிட்டு இருக்கீங்க. தேதி என்னன்னு கேட்டீங்களா?" என்றாள். எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் உறைத்தது. கல்யாணமாகி இருபது வருஷம், ஒரே தராசில்தான் ரெண்டு பேரும் ஏறுகிறோம்.

மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பு நீர் பிடிக்கும். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு, சிலருக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு ஒன்றரைக் கிலோவரை போகும். ஆரம்பித்து ரெண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால் அவள் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுவதில்லை. போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுவாள். நோட்டில் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறாள். அந்தப் புள்ளி என்னவென்று இத்தனை நாளாக நான் கேட்டதும் இல்லை.

ஜூன் 13, பகல் 1:40

பதில் பார்த்தேன். 11ஆம் தேதி என்கிறீர்கள். 9ஆம் தேதி ஏறிய 900 கிராமுக்கு இதுதான் பெரிய காரணமாக இருக்கும். வீட்டம்மாவுக்கு ஒரு கும்பிடு.

ஜூன் 16, இரவு 8:45

ஒருவர் வந்து சண்டை பிடித்திருக்கிறார். "7700 எல்லாம் அரதப் பழசு, அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்" என்று. பாதி சரி. 1958ல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3500 என்று சொன்னதன் கிலோ வடிவம்தான் இது. கொழுப்புத் திசு ஒரு கிலோவில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கு இன்றைக்கும் அது மோசமில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு அப்படியே பெருக்கிக்கொண்டு போனால் தப்பாகும். எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு இதைத்தான் 2011ல் கணித மாதிரியாகப் போட்டுக் காட்டியது. முதல் வாரத்துக்கும் அது பொருந்தாது, அப்போது போவதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால்.

இரண்டு நாளில் 900 கிராம் கொழுப்பு ஏறாது என்று சொல்வதற்கு 7700 போதும். அதற்குத்தான் எடுத்தேன்.

அவரே இன்னொன்றும் சொல்கிறார். நாம் கலோரி என்று எழுதுவதெல்லாம் கிலோ கலோரியாம். உண்மைதான். டீக்கடையில் யாரும் "கிலோ கலோரி எவ்வளவுண்ணா" என்று கேட்பதில்லை.

கேட்டதால் இதையும் சேர்க்கிறேன்: புதிதாக உடற்பயிற்சி தொடங்கினாலும் ஏறும். முதல் தடவை கோட்டை மலைப் படியேறி இறங்கியபோது தொடை மூன்று நாள் பிடித்துக்கொண்டது, தராசு 700 கிராம் கூடக் காட்டியது. வலிக்கிற தசையில் நீர் கோத்துக்கொள்ளும். அதைத் தசை வளர்ந்துவிட்டது என்று எண்ணி மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஜூன் 18, இரவு 9:30

தராசைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது.

எடை மேடையில் 20 கிலோ முத்திரைக் கற்கள் இருக்கும். வீட்டுத் தராசை ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப்போய் நாலு கல்லை ஏற்றினேன். 79.9. பரவாயில்லை. அதே தராசைத் தேங்காய் நார் மிதியடி மேல் வைத்தேன், அதே நாலு கல், 76.3! மூன்றரைக் கிலோவை மிதியடி விழுங்கிவிட்டது. டைல்ஸ் தரையில், ஒரே இடத்தில், நாலு காலும் படும்படி வைக்க வேண்டும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறேன். வீட்டம்மா துடைத்துவிடுகிறாள், நான் மறுபடி குறிக்கிறேன்.

இன்னொரு திருட்டுத்தனமும் கண்டுபிடித்தேன். ஏறினால் 86.2. இறங்கி, கையில் அரை லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறினாலும் 86.2. சில டிஜிட்டல் தராசுகள் வித்தியாசம் சின்னதாக இருந்தால் பழைய எண்ணையே திருப்பிக் காட்டுமாம், வாங்கியவன் "ஏறும்போதெல்லாம் மாறுகிறதே" என்று புகார் செய்யாமல் இருக்க. நடுவில் 5 கிலோ அரிசிப் பையை ஏற்றி இறக்கிவிட்டு நின்றால் 86.7 என்று உண்மையைச் சொன்னது.

நானே எடை மேடையில் ஏறி நின்றிருக்கிறேன். அது 60 டன் மேடை, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். 200 கிலோவுக்குக் கீழே அது சொல்வதை நாங்களே நம்ப மாட்டோம். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றேன், 90. மறுநாள் நின்றேன், 80. ஒரே ராத்திரியில் 10 கிலோ. படம் எடுத்து சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். என்ன டயட் என்று கேட்டு ஆறு பேர் போன் செய்தார்கள்.

ஜூன் 23, காலை 7:00

நேற்று ராத்திரி 10 மணிக்கு 85.4. இன்று காலை 5:30க்கு 84.6. 800 கிராம். சிறுநீரை வீட்டம்மாவின் அளவுக் குவளையில் (பழையது, இனி கழிவறைக்கே) பிடித்துப் பார்த்தேன், 430 மில்லி. மீதி 370 கிராம் எங்கே? தூங்கிக்கொண்டுதானே இருந்தேன்.

மூச்சிலும் தோலிலும் போய்விட்டது. இத்தாலியில் பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ இதற்காகவே தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, முப்பது வருஷம் தன்னையும், தின்றதையும், குடித்ததையும், கழித்ததையும் நிறுத்துப் பார்த்தவர். 1614ல் எழுதி வெளியிட்டார். உள்ளே போனதற்கும் கண்ணுக்குத் தெரிந்து வெளியே வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகப் போகிறது என்றார். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். எடை மேடைக்காரனின் குலதெய்வம்.

கொழுப்பும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது. ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகும், 1.6 கிலோதான் தண்ணீர். அதற்காக வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், தலைதான் சுற்றும்.

காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு, காபிக்கு முன்னால் எடை பாருங்கள். ராத்திரிப் பார்வை எதற்கும் உதவாது, தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர.

ஜூன் 27, இரவு 9:50

"எங்கப்பாவுக்கு ஒரு வாரமாக எடை ஏறுகிறது, நீங்கள் சொன்ன மாதிரி தண்ணீர்தான் என்று விட்டுவிட்டோம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் பயந்துவிட்டேன். தம்பி, அவர் கால் வீங்கியிருக்கிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா பாருங்கள். நாளைக்குக் காலையிலேயே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் இப்போதே கூட்டிப்போங்கள்.

என் அப்பாவுக்கு இதயம் பலவீனம். தினமும் காலையில் எடை பார்த்து எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே வரச் சொல்லி. அவர் விஷயத்தில் எங்களுக்கு வேண்டியதே அந்தத் தண்ணீர்க் கணக்குதான், கொழுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "தண்ணீர்தான், விடு" என்று நான் எழுதுவதெல்லாம் இதயம், சிறுநீரகம், ஈரல் நன்றாக இருப்பவர்களுக்கு. முதல் நாளே இதை எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 28, பகல் 12:15

அந்தத் தம்பி அப்பாவைக் காட்டிவிட்டாராம். நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சரி.

ஜூலை 5, இரவு 9:20

அம்மணி ஐந்து வாரத்து எடையையும் அனுப்பியிருக்கிறார். முதல் வாரத்தைத் தள்ளிவிட்டேன், அது கிட்டங்கி காலியாகும் வாரம். மற்ற நாலு வாரத்துக்கும் ஏழு ஏழு நாளாகக் கூட்டிச் சராசரி போட்டேன்: 73.2, 73.4, 73.1, 73.2.

இதை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஜூன் 9ல் இருந்து நான் பாடிக்கொண்டிருப்பது ஒரே பாட்டு. தண்ணீர், தண்ணீர். இரண்டு நாளுக்கு அது சரி, இரண்டு வாரத்துக்கும் சரி. நாலு வாரம் என்றால் மாதவிலக்குச் சுற்று ஒன்று முழுசாக உள்ளே வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக் கறி நாலு வந்துவிட்டது, உப்பு ஏறி இறங்கியாகிவிட்டது. கணக்குப்படி அவர் 500 குறைத்துச் சாப்பிட்டிருந்தால் நாலு வாரச் சராசரியில் முதலுக்கும் கடைசிக்கும் ஒன்றரைக் கிலோ போல வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. வண்டி ஐந்து தடவை மேடை ஏறியும் அதே எடை காட்டினால் லோடு இறங்கவில்லை என்றுதான் அர்த்தம். தார்ப்பாயில் மழைத் தண்ணீர் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வது.

சாப்பாட்டு நோட்டை அனுப்புங்கள் அம்மணி. குறை கண்டுபிடிக்கக் கேட்கவில்லை.

ஜூலை 6, காலை 6:40

பார்த்தேன். மதியம்: சோறு 100 கிராம், 130 கலோரி. இரவு: சோறு 100 கிராம், 130 கலோரி. தினமும் இதே.

100 கிராம் சோறு என்பது தட்டில் ஒரு கரண்டியும் கொஞ்சமும். அதைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் மதியம் முழுக்கப் பசிக்காமல் வேலை பார்க்கிறார் என்றால் எனக்குச் சந்தேகம். எப்போது நிறுத்தீர்கள், உலை வைப்பதற்கு முன்னாலா, வடித்த பிறகா?

ஜூலை 6, மாலை 7:15

வைப்பதற்கு முன்னால்.

அதுதான். அரிசியாக 100 கிராம் என்றால் 350 கலோரி. அது வெந்து 270, 300 கிராம் சோறாகும். வெந்த சோறு 100 கிராமுக்குத்தான் 130. அளந்தது அரிசியை, எழுதியது சோற்றின் கணக்கை. ஒரு வேளைக்கு 220 விட்டுப்போனது, இரண்டு வேளைக்கு 440. அவர் 1400 என்று நினைத்தது உண்மையில் 1840. அவர் உடம்பின் செலவு 1900 பக்கம் என்று வைத்தால் மிச்சம் 60. வாரத்துக்கு 55 கிராம். நம் தராசுகளில் பெரும்பாலானவை 100 கிராமுக்குக் குறைந்து காட்டவே காட்டாது.

இதில் அவர்மேல் தப்பு ஒன்றுமில்லை. செயலியில் "ரைஸ்" என்று தட்டினால் பத்து வரிசை வருகிறது, எது வெந்தது எது வேகாதது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே பேர். நமக்கு அரிசி வேறு, சோறு வேறு. தமிழில் எழுதியிருந்தால் இந்தத் தப்பே வந்திருக்காது! நம் ஊர் தானியம், பருப்புக்கெல்லாம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் போட்ட அட்டவணை இருக்கிறது. அதில் அரிசி அரிசியாகத்தான் இருக்கும், சமைப்பதற்கு முந்தைய எடைக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் அவரைத் "தண்ணீர்தான், பொறுங்கள்" என்று உட்காரவைத்தது நான். முதலிலேயே நோட்டைக் கேட்டிருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மணி.

ஜூலை 7, காலை 6:00

எனக்கும் இதுபோல ஒன்று இருந்தது. கடலெண்ணெய். "தாளிக்க ஒரு ஸ்பூன்" என்று மார்ச் முழுக்க எழுதினேன். ஏப்ரலில் எண்ணெய்ப் பாட்டிலை மாத ஆரம்பத்திலும் கடைசியிலும் நிறுத்தேன். மூன்று பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு நாளைக்கு 31 கிராம். கிராமுக்கு 9 கலோரி, 280 ஆகிறது. ஒரு ஸ்பூனுக்கு 45 என்று எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டம்மாவிடம் கேட்டேன். "ஸ்பூன்னா எந்த ஸ்பூன்? குழம்புக் கரண்டிங்க" என்றாள்.

ஜூலை 14, இரவு 8:30

சராசரி எப்படிப் போடுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் செய்வது எளிது: ஞாயிறு முதல் சனிவரை ஏழு எண்ணைக் கூட்டி ஏழால் வகுப்பேன். பழைய எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், வாரத்துக்கு ஒரு சீட்டு. தினசரி எண்ணை வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. சனிக்கிழமை மட்டும் சொல்வேன்.

தினமும் ஒரு எண் வேண்டும் என்பவர்களுக்கு ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வாக்கர் சொன்ன முறை இருக்கிறது. நேற்றைய போக்கு எண்ணை (எடை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் எண்) எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய எடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சேருங்கள், அல்லது கழியுங்கள். போக்கு 73.2, இன்று தராசு 74.2 என்றால், புதிய போக்கு 73.3. ஒரு கிலோ குதித்தாலும் கணக்கு 100 கிராம்தான் நகரும். அவர் பொறியாளர், தராசு சொல்வதை இரைச்சல் கலந்த சிக்னல் மாதிரி நடத்தினார். நான் கொஞ்ச நாள் செய்து பார்த்தேன். பத்தில் ஒரு பங்கு போடும்போது டீக்கடைக்கார அண்ணன் பேச்சுக் கொடுத்தால் தப்பாகிவிடுகிறது. விட்டுவிட்டேன்.

தினமும் பார்த்தால் மனசு கெடுகிறது என்பவர்கள் பார்க்கவே வேண்டாம். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்ப்பதுதான் எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது. அந்த ஒரு நாள் கருவாட்டுக்கு மறுநாளாக அமைந்துவிட்டால்?

ஜூலை 28, இரவு 9:00

அம்மணியின் புது எண்கள். அரிசியை வேளைக்கு 60 கிராமாகக் குறைத்து, அரிசிக் கணக்கிலேயே எழுதுகிறார். வாரச் சராசரி 72.8, 72.3, 72.0. "அண்ணா, இந்தத் தடவை நிஜமா?" என்று கேட்கிறார். முதல் இறக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், சோறு குறைந்திருக்கிறதல்லவா, அதே கிட்டங்கிக் கதைதான். 72.3க்கும் 72.0க்கும் நடுவில் இருக்கும் 300 கிராமை நான் நம்புகிறேன். அவர் இப்போது குறைத்திருப்பது நாளைக்கு 340 போல வருகிறது, அதற்கு வாரம் 300 கிராம்தான் வரும். மாமியார் 300 கிராம் எல்லாம் ஒரு குறைச்சலா என்கிறாராம். கறிக்கடையில் 300 கிராம் வாங்கி இலையில் வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, காலை 6:20

நேற்று ஆடி 18. காலையில் தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், கூடவே அப்பளம். சாயங்காலம் பங்காளி வீட்டில் கிடா விருந்து. எதையும் எழுதவில்லை. இன்று காலை 84.7. நேற்றுக் காலை 83.1.

1.6 கிலோவைப் பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டு குளிக்கப் போனேன் என்று எழுத ஆசை. உண்மையில் அரிசிப் பையை ஏற்றி இறக்கிவிட்டு இன்னொரு தடவை நின்றேன். 84.8.

அம்மணிக்கு 1.3 ஏற்றமாம். மாமியாரையும் தராசில் ஏற்றியிருக்கிறார், அவருக்கு 1.1. "எனக்கு எப்படி ஏறும், நான் என்ன கலோரியா எண்ணினேன்" என்றாராம்.

ஆகஸ்ட் 7, காலை 6:05

83.2. அம்மணி, உங்களுக்கு?

ரெண்டு சோள வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி மழை, தார்ப்பாய் சொட்டுகிறது. அவிழ்த்துவிட்டுத்தான் மேடை ஏறச் சொல்ல வேண்டும். அப்புறம் வருகிறேன்.